‘ஃப்ரிட்ஜ் அம்மா’: ஒரு குற்றச்சாட்டின் வரலாறு

1938ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரிலிருந்து பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் போனது. தட்டச்சு செய்யப்பட்ட 33 பக்கங்கள். டொனால்ட் என்ற ஐந்து வயதுச் சிறுவனைப் பற்றி அவனுடைய பெற்றோர் கவனித்தவை எல்லாம் அதில் இருந்தன. ஒரு வயதிலேயே பாட்டுகளைப் பிசகாமல் முனகுவான். கையில் கிடைத்த பொருளைச் சுழலவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா வீட்டுக்குள் வந்தால் நிமிர்ந்தும் பார்க்கமாட்டான். தனியாக விட்டால்தான் அவனுக்கு மகிழ்ச்சி.

அதற்கு முந்தைய ஆண்டு, மருத்துவர்களின் யோசனைப்படி அந்தக் குழந்தையை ஒரு விடுதியில் சேர்த்திருந்தார்கள். மாதத்தில் இரண்டு தடவைதான் பெற்றோர் போய்ப் பார்க்கலாம். ஓராண்டு கழித்து, அங்கிருந்தவர்கள் தடுத்தும் கேளாமல், மகனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஓராண்டில் அவனைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டதற்கு விடுதித் தலைவர் கொடுத்த பதில் அரைப்பக்கம். ஏதோ சுரப்பிக் கோளாறாக இருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். பெற்றோரின் 33 பக்கத்தையும் நிறுவனத்தின் அரைப்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆட்டிசம் பற்றிய அறிவு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

அந்தக் கடிதத்தைப் பெற்றவர் குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கன்னர். 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக மருத்துவ உலகின் முன் வைத்தது. டொனால்ட் அதில் முதல் குழந்தை. கடிதத்தின் விவரங்கள் கட்டுரையின் முதுகெலும்பாயின. ஆனால் அதே கட்டுரையில் கன்னர் இன்னொன்றையும் குறித்துவைத்தார்: இந்தப் பெற்றோர் இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைப்பதே இயல்பானதாக இல்லை என்று. பிள்ளையைக் கூர்ந்து பார்த்த கண், ஆய்வுக்குச் சான்றாயிற்று. பார்த்தவர்களுக்கு எதிராகவும் அதுவே சான்றாயிற்று.

இந்த இரண்டாவது சான்று எப்படி வளர்ந்து, கால் நூற்றாண்டுக் காலம் தாய்மார்களின் கழுத்தில் தொங்கியது என்பதுதான் இக்கட்டுரை. ஆட்டிசத்துக்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு விடை தெரியாதிருந்த காலத்தில், வெற்றிடத்தில் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விடை பெருமளவு தெரிந்துவிட்ட இக்காலத்திலும் அவரை அங்கிருந்து முழுதாக நகரவிடவில்லை.

பதினொன்றில் ஒன்பது

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர். ‘தான்’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். ஸ்கிசோஃப்ரீனியா நோயாளிகள் தமக்குள் ஒடுங்கிக்கொள்வதைக் குறிப்பதற்காக அதைப் பயன்படுத்தினார். தமிழில் ‘மதியிறுக்கம்’ என்கிறோம். அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றும் காண்கிறோம். எல்லாச் சொற்களிலும் ஒரு சாத்திய கதவு இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது என்று சொல்லிவிட்டால், சாத்தியது யார் என்ற கேள்வி தானாகவே வந்துவிடும்.

1943 கட்டுரையின் முடிவில் கன்னர், இக்குழந்தைகள் பிறர்மேல் உணர்வுப் பிணைப்பு கொள்ளும் திறனில் பிறவியிலேயே வேறுபட்டவர்கள் என்றுதான் எழுதினார். பிறவியிலேயே என்ற சொல் முக்கியம். ஆனால் அதே பக்கங்களில் பெற்றோரைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. தந்தைகளில் நான்கு பேர் மனநல மருத்துவர்கள். மற்றவர்களில் வழக்கறிஞர், பேராசிரியர், பொறியாளர் எனப் பலர். 11 தாய்மார்களில் 9 பேர் கல்லூரிப் பட்டதாரிகள். ஒருவர் மருத்துவர், ஒருவர் உளவியலாளர், ஒருவர் எழுத்தாளர். உண்மையான மனக்கனிவு உள்ள பெற்றோர் இவர்களிடையே மிகச் சிலரே என்றும் அவர் எழுதினார்.

1930களின் அமெரிக்காவில் பெண்களில் சிறு பங்கினர்தான் கல்லூரிக்குப் போனார்கள். அப்படியிருக்க 11இல் 9 என்பது வியப்பூட்டும் எண். இதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. தொலைதூர ஊரிலிருந்து ரயிலேறி, செலவு செய்து, நாட்டின் பெயர்பெற்ற மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்து வரும் வசதியும், கடிதம் எழுதிக் கேட்கும் தெளிவும் அந்தக் குடும்பங்களுக்குத்தான் இருந்தன. வறிய வீடுகளிலும் கறுப்பின மக்களின் வீடுகளிலும் இருந்த அதே போன்ற குழந்தைகள் மருத்துவமனை வாசலுக்கே வரவில்லை. வலையில் சிக்கிய மீனை மட்டும் பார்த்துவிட்டுக் கடலில் உள்ள மீனெல்லாம் இவ்வளவுதான் என்று சொன்ன கதை இது.

கன்னர் 1941இல் தாய்மார்களுக்கு ஆதரவாகவே ஒரு புத்தகம் எழுதியவர். வல்லுநர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு அஞ்சாதீர்கள் என்று அம்மாக்களிடம் சொன்னவர். அவரே 1949இல் எழுதிய கட்டுரையில், இக்குழந்தைகள் உருகாத குளிர்பதனப் பெட்டிக்குள் ஒழுங்காக வைத்துவிடப்பட்டவர்கள் என்ற பொருள்பட எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே ‘டைம்’ வார இதழ் உறைந்துபோன குழந்தைகள் என்று தலைப்பிட்டுச் செய்தி வெளியிட்டிருந்தது. 1960இல் அதே இதழில், இந்தப் பெற்றோர் ஒரு பிள்ளையைப் பெறும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் உருகியவர்கள் என்ற கருத்து கன்னர் பெயரில் வந்தது. ‘ரெஃப்ரிஜிரேட்டர் மதர்’, நம் பேச்சில் ‘ஃப்ரிட்ஜ் அம்மா’, பிறந்துவிட்டார். கன்னர் எழுதியது பெற்றோர் இருவரையும் பற்றித்தான். ஊர் வாயில் விழுந்தபோது அப்பா கழன்றுகொண்டார். அம்மா மட்டும் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தார்.

கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்

ஓர் உவமை இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்றால், அதைக் கேட்கக் காதுகள் காத்திருந்தன என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது லட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்கள் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும், அடுப்படிக்குத் திரும்புங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. சட்டத்தைவிட வலிமையாக அந்த வேலையைச் செய்தது உளவியல். படித்த பெண், வேலைக்குப் போன பெண், கணவனோடு சமமாக விவாதிக்கும் பெண் நல்ல தாயாக இருக்க முடியுமா என்ற ஐயம் வெள்ளைக் கோட்டு அணிந்து வந்தது.

வேடிக்கை என்னவென்றால், எதிர்ப்பக்கக் குற்றச்சாட்டும் அதே காலத்தில் சந்தையில் இருந்தது. 1942இல் ஃபிலிப் வைலி என்ற எழுத்தாளர், அம்மாக்கள் அளவுக்கு மீறிப் பாசம் காட்டி அமெரிக்க ஆண்களைக் கோழைகளாக்கிவிட்டார்கள் என்று எழுதிய நூல் பரபரப்பாக விற்றது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், ஸ்கிசோஃப்ரீனியாவை உண்டாக்கும் தாய் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் ஒரு பெண் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். பாசம் கூடினால் மகன் கோழை. குறைந்தால் மகனுக்கு ஆட்டிசம். சரியான அளவு எது என்று சொல்ல எந்தப் படியும் யாரிடமும் இல்லை. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று நம் ஊரில் சொல்வதைத்தான் அங்கே கலைச்சொல் போட்டுச் சொன்னார்கள்.

இந்தக் குற்றச்சாட்டுக்கும் ஒரு நிறம் இருந்தது. குளிர்ந்த தாய் என்று குற்றம் சாட்டுவதற்குக்கூட அவர் படித்த வெள்ளைக்காரப் பெண்ணாக இருக்கவேண்டும். கறுப்பினப் பெண் ஒருவரின் மகனுக்கு ஆட்டிசம் இருக்கவே முடியாது என்று மருத்துவர்கள் மறுத்தார்கள். ஏனெனில் அந்தத் தாய் அவர்கள் வைத்திருந்த படத்தில் பொருந்தவில்லை. 2002இல் வெளிவந்த ‘ரெஃப்ரிஜிரேட்டர் மதர்ஸ்’ என்ற ஆவணப்படத்தில் முதிய தாய்மார்கள் இதையெல்லாம் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்கள். வெள்ளைத் தாய்க்குக் கிடைத்தது பழி. கறுப்பினத் தாய்க்கு அவருடைய பிள்ளையின் நிலைக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

வெற்றுக் கோட்டையும் முற்றுகையும்

பழியைக் கோட்பாடாக உயர்த்தியவர் ப்ரூனோ பெட்டல்ஹைம். வியன்னாவில் பிறந்த யூதர். 1938-39இல் டாகாவ், புஹன்வால்ட் நாஜி வதைமுகாம்களில் அடைபட்டுக் கிடந்து, விடுதலையாகி அமெரிக்கா வந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தைகள் காப்பகப் பள்ளி ஒன்றை 1944 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நடத்தினார். வதைமுகாமில் நம்பிக்கை இழந்த கைதிகள் உலகத்திலிருந்து தம்மைத் துண்டித்துக்கொண்டதை நேரில் கண்டவர் அவர். ஆட்டிசக் குழந்தையும் அப்படித்தான் என்றார். இங்கே முகாம் வீடு. காவலர் பெற்றோர், குறிப்பாகத் தாய். குழந்தை இல்லாமல் போகவேண்டும் என்று பெற்றோர் உள்ளூர நினைப்பதே ஆட்டிசத்தைத் தூண்டும் காரணி என்பது அவருடைய முடிவு. மருந்தும் அதற்கேற்றதுதான்: பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பல ஆண்டுகள் பள்ளியிலேயே வைத்திருப்பது. இந்த வாதத்தை விரித்த ‘வெற்றுக் கோட்டை’ என்னும் பொருள் தரும் தலைப்பிலான அவருடைய நூல் 1967இல் வந்து கொண்டாடப்பட்டது.

பெண்ணிய வாசகர்கள் நின்று கவனிக்கவேண்டிய இடம் ஒன்று இங்கே உண்டு. 1963இல் வெளிவந்து அமெரிக்கப் பெண்ணியத்தின் இரண்டாம் அலையைக் கிளப்பிய பெட்டி ஃப்ரீடனின் ‘ஃபெமினைன் மிஸ்டிக்’ நூலிலும் வதைமுகாம் உவமை வருகிறது. நடுத்தர வர்க்க வீடு இல்லத்தரசிக்கு வசதியான வதைமுகாமாக இருக்கிறது என்று வாதிட, ஃப்ரீடன் சான்றாக எடுத்துக்கொண்டது இதே பெட்டல்ஹைமின் முகாம் பற்றிய எழுத்துகளைத்தான். ஒரே மனிதரின் ஒரே அனுபவம் ஒரு நூலில் பெண்ணைக் கைதியாக்கியது. இன்னொரு நூலில் அவளைச் சிறைக் காவலராக்கியது. வதைமுகாமை வீட்டோடு ஒப்பிடுவது இரண்டு இடத்திலும் மிகையே. ஆனால் இரண்டாவது ஒப்பீட்டுக்கு விலையாகப் பிள்ளைகள் பறிபோனார்கள்.

1990இல் பெட்டல்ஹைம் தற்கொலை செய்துகொண்டு இறந்த பிறகு, அவருடைய பள்ளியில் வளர்ந்த சிலர் அவர் தங்களை அடித்ததாக எழுதினார்கள். அவர் சொல்லிவந்த கல்வித் தகுதிகள் மிகைப்படுத்தப்பட்டவை என்பதும், அவருடைய முனைவர் பட்டம் தத்துவம் சார்ந்தது என்பதும் பொதுவெளிக்கு வந்தன. தாய்மார்களின் தகுதியை முப்பது ஆண்டுகள் அளந்துகொண்டிருந்தவரின் தகுதியை அதுவரை யாரும் அளக்கவில்லை.

‘வெற்றுக் கோட்டை’ வந்த அதே 1967இல் இன்னொரு நூலும் வந்தது. எழுதியவர் கிளாரா கிளெய்போர்ன் பார்க், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். மகளுடைய முதல் எட்டு ஆண்டுகளைச் சொல்லும் அந்நூலின் பெயர் ‘முற்றுகை’ என்ற பொருளைத் தருவது. ஆண் நிபுணருக்குக் குழந்தை ஒரு கோட்டை, உள்ளே யாருமில்லை. தாய்க்கும் குழந்தை கோட்டைதான். ஆனால் உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியும். நம் புறத்திணை இலக்கணத்தில் மதிலை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. கிளாரா பார்க் செய்தது பகையில்லாத உழிஞை. ஒரு விளையாட்டு, ஒரு ஓசை, ஒரு வண்ணம் என ஒவ்வொரு வாசலாகத் தட்டிப்பார்த்து, எது திறந்தது, எது திறக்கவில்லை என்று எழுதிவைத்தார். குளிர்ச்சியான பெற்றோர் என்ற சொல்லை நிபுணர்கள் பக்கமே திருப்பிவிட்டார்: உணர்ச்சியே காட்டாமல் பேசிய மருத்துவர்கள்தான் குளிர்பதனப் பெட்டிகள் என்று. பின்னாளில் அவர் மகள் ஓவியரானார். வில்லியம்ஸ் கல்லூரியின் அஞ்சல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார்.

இலக்கியத்தில் கிளாரா செய்ததை அமைப்பு வேலையாகச் செய்தவர்கள் பலர். பெர்னார்ட் ரிம்லண்ட் அமெரிக்கக் கடற்படையில் பணிபுரிந்த உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. 1964இல் அவர் எழுதிய நூல், ஆட்டிசம் உடலியல் சார்ந்தது, வளர்ப்பின் கோளாறு அல்ல என்று ஆதாரங்களோடு வாதிட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் கன்னரே. மறு ஆண்டு பெற்றோர் ஒன்றுகூடித் தேசிய அளவில் சங்கம் அமைத்தார்கள். அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் ரூத் கிறிஸ்ட் சல்லிவன், ஏழு பிள்ளைகளின் தாய், செவிலியர் பயிற்சி பெற்றவர். மாற்றுத்திறன் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளிக் கல்வியை உரிமையாக்கிய 1975ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். இங்கிலாந்தில் மனநல மருத்துவரும் ஆட்டிசம் உள்ள மகளின் தாயுமான லோர்னா விங், 1962இல் மற்றப் பெற்றோருடன் சேர்ந்து சங்கம் தொடங்கினார். 1979இல் ஜூடித் கூல்டுடன் அவர் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் ஒரே அச்சில் வார்த்ததல்ல, பல சாயல்கள் கொண்டது என்று காட்டியது. இன்று நாம் சொல்லும் ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற எண்ணம் வந்தது இவர் வழியே.

1969இல் வாஷிங்டனில் கூடிய பெற்றோர் சங்க மாநாட்டில் கன்னர் பேசினார். தன் எழுத்து தவறாக எடுத்துக்காட்டப்பட்டது என்றார். பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. செய்யாத குற்றத்துக்கு 20 ஆண்டு கழித்துக் கிடைத்த விடுதலைக்கு அவர்கள் கைதட்ட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

முன்பே எழுதியவர்

இந்தக் கதை வேறு மாதிரியும் தொடங்கியிருக்கலாம். 1925இல், அதாவது கன்னருக்கு 18 ஆண்டுகள் முன்பே, மாஸ்கோவில் க்ருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர், மருத்துவமனைப் பள்ளி ஒன்றில் ஆறு சிறுவர்களைக் கவனித்துக் கட்டுரை எழுதினார். மறு ஆண்டு அது ஜெர்மன் மொழியிலும் வந்தது. சமவயதினரோடு ஒட்டாமை, ஒன்றிலேயே ஆழும் ஆர்வம், ஓசையும் மணமும் தாங்க முடியாமல் போவது என்று இன்றைய வரையறைகளில் இருக்கும் பலவற்றை அவர் அன்றே எழுதியிருந்தார். சிறுமிகளைப் பற்றியும் தனியே எழுதினார். பிறவி சார்ந்த நிலையாகவே இதைக் கண்டார். தாயின் பாசத்தை அளக்கப் போகவில்லை. அவருடைய கட்டுரை ஆங்கிலத்துக்கு வந்தது 1996இல்தான். பெண், யூதர், சோவியத் நாட்டவர் என்ற மூன்று சுவர்களுக்கு அப்பால் இருந்தது அந்த அறிவு.

காரணங்கள்: இன்று தெரிந்தவை

1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருமுட்டைகளிலிருந்து வந்த 10 சோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே வளர்ப்பு, வேறுபட்டது மரபணு. பெட்டல்ஹைமின் கோட்டைக்கு விழுந்த முதல் பெரிய இடி இது.

2019இல் டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் பிறந்த 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து ஒரு பெரும் ஆய்வு வந்தது. ஆட்டிசம் ஒருவருக்கு வருவதிலும் இன்னொருவருக்கு வராததிலும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மரபணு விளக்குகிறது என்று அது கணித்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் தனியே அளந்து பார்த்தது: மரபணுவுக்கு அப்பால், தாய் என்ற காரணத்தால் மட்டும் வரும் பங்கு எவ்வளவு? விடை ஏறத்தாழ ஒன்றுமில்லை. இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லா மகப்பேறு மருத்துவமனைகளிலும் மாட்டலாம்.

மரபணு என்றால் உடனே ‘எந்தப் பக்கத்து வம்சம்’ என்று கேட்பது நம் வழக்கம். ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் நூற்றுக்கும் மேல். பல, இரு பக்கத்திலிருந்தும் சிறுசிறு அளவில் வந்து சேர்பவை. சில, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் கருவில் புதிதாகத் தோன்றும் மாற்றங்கள். ஐஸ்லாந்தில் நடந்த 2012ஆம் ஆண்டு ஆய்வின்படி இந்தப் புதிய மாற்றங்களில் பெரும்பகுதி வருவது தந்தையின் விந்தணு வழியாக. தந்தையின் வயது ஓராண்டு கூடினால் ஏறத்தாழ 2 மாற்றங்கள் கூடுகின்றன. தந்தை, தாய் இருவரில் யாருடைய வயது கூடினாலும் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. ஆனால் ‘லேட்டா பெத்துக்கிட்டா’ என்ற பேச்சு அம்மாவின் காதில் மட்டும்தான் விழுகிறது.

வாய்ப்பைக் கூட்டும் வேறு சில நிலைமைகளும் தெரிந்திருக்கின்றன. குறைமாதப் பிறப்பு அதில் ஒன்று. கர்ப்பக் காலத்தில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து இன்னொன்று. 2013இல் வந்த டென்மார்க் ஆய்வில், அம்மருந்தை உட்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளில் 4.4 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் இருந்தது. பொதுவாக அங்கே அது 1.5 விழுக்காடு. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. வலிப்பு மருந்து எடுக்கும் இளம்பெண்ணுக்குக் கர்ப்பம் தரிக்கும் முன்பே இதைச் சொல்லி மாற்று மருந்து தேடித் தரவேண்டியது மருத்துவரின் கடமை. இங்கே தேவைப்படுவது பெண்ணுக்குத் தகவல். பெண்ணுக்கு அச்சம் அல்ல.

மூன்றாவது ருபெல்லா. 1964-65இல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லா தொற்றால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவிப் பாதிப்போடு பிறந்தார்கள். அவர்களில் 243 பேரை ஆராய்ந்த ஸ்டெல்லா செஸ் என்ற பெண் மருத்துவர், 1971இல், 10 பேருக்கு முழுமையான ஆட்டிசம் இருப்பதைக் கண்டார். அன்றைய பொதுக் கணக்கு 10,000க்கு 4 அல்லது 5. எனவே அது மிகப் பெரிய எண். ருபெல்லாவைத் தடுப்பது தடுப்பூசி. அதாவது, ஆட்டிசத்தின் அறியப்பட்ட காரணங்களில் ஒன்றைத் தடுக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது.

பழி புது உடை உடுத்துகிறது

அந்தத் தடுப்பூசியின் மேல்தான் அடுத்த பழி விழுந்தது. 1998இல் லண்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. தடுப்பூசி நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுக்கவிருந்த வழக்கறிஞரிடம் அவர் பணம் பெற்றிருந்தது பின்னர் வெளியானது. 2010இல் ‘லான்செட்’ இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு, எம்.எம்.ஆர். ஆட்டிசத்தைக் கூட்டுவதில்லை என்று மீண்டும் உறுதி செய்தது. ஆனாலும் வதந்தி கடல் தாண்டியது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி போட்டபோது, வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒலிப்பதிவுகளையும் செய்திகளையும் கேட்டுப் பல பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். போட்டாலும் ‘ஏன் போட்டாய்’, போடாவிட்டாலும் ‘ஏன் போடவில்லை’ என்ற கேள்வி அம்மாவை நோக்கித்தான்.

2025 செப்டம்பர் 22 அன்று வாஷிங்டனில் வெள்ளை மாளிகையிலிருந்து அடுத்தது வந்தது. கர்ப்பிணிகள் பாரசிட்டமால் சாப்பிடுவதை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய அமெரிக்க அதிபர், வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பெண்களுக்கு அறிவுரை சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்வீடனில் ஏறத்தாழ 24.8 லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு வெளியாகியிருந்தது. ஒரே தாயின் பிள்ளைகளில், பாரசிட்டமால் உட்கொண்ட கர்ப்பத்தில் பிறந்தவரையும் உட்கொள்ளாத கர்ப்பத்தில் பிறந்தவரையும் ஒப்பிட்டபோது எந்த வேறுபாடும் தெரியவில்லை. கர்ப்பக் காலத்தில் கடுங்காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து. அறிவியல் ஒரு பக்கம் இருக்க, அறிவுரையின் தொனியைக் கேளுங்கள். பெண் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்காவிட்டால் பிள்ளைக்கு வரும். 1949க்கும் 2025க்கும் நடுவே உடை மட்டும்தான் மாறியிருக்கிறது.

நம் வீடுகளில் இப்போதைய உடை செல்போன். ‘ஃபோனைக் கையில கொடுத்துக் கொடுத்துத்தான் இப்படி ஆயிட்டான்.’ ‘அம்மா வேலைக்குப் போறா, பேச ஆளில்லை, அதான் பேச்சு வரலை.’ மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையோடு ஒரு பெண் திருமண வீட்டுக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் வருவார். அதிக நேரம் திரை பார்ப்பது எந்தச் சிறு குழந்தைக்கும் நல்லதல்ல. பேச்சையும் தூக்கத்தையும் அது பாதிக்கலாம். ஆனால் ஆட்டிசத்தின் வேர் பெரும்பாலும் கருவில் மூளை உருவாகும் காலத்தில் இருக்கிறது. பிள்ளை ஃபோனைத் தேடிப் போனதா, ஃபோன் பிள்ளையை மாற்றியதா என்று பிரித்துப் பார்க்காமலே தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பின் விளைவு கண்கூடு: பழிக்கு அஞ்சும் குடும்பம் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறது. ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று இரண்டு ஆண்டு போகிறது. பேச்சுப் பயிற்சியும் பிற உதவிகளும் மிகுந்த பயன் தரும் ஆண்டுகள் அவை.

எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்ற கேள்வியும் இந்தப் பழிக்குத் தீனி போடுகிறது. 1960களில் 10,000க்கு 4 அல்லது 5 என்றிருந்தது, அமெரிக்காவின் 2025ஆம் ஆண்டு அறிக்கையில் எட்டு வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவர் என்று வந்திருக்கிறது. இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு வரையறை விரிந்ததாலும், தேடிப் பார்ப்பவர்கள் கூடியதாலும் வந்தது. முன்பு ‘அறிவு வளர்ச்சி குறைந்தவர்’ என்றோ, ‘கூச்ச சுபாவம்’ என்றோ, ‘திமிர் பிடித்தவள்’ என்றோ பெயரிடப்பட்டவர்கள் இன்று தம் சரியான பெயரைப் பெறுகிறார்கள். பெண் குழந்தைகள் இன்னும் பின்தங்கியே கண்டறியப்படுகிறார்கள். அடங்கியிருக்கும் சிறுமியை நல்ல பிள்ளை என்று பாராட்டும் சமூகத்தில் அவளுடைய திணறல் யார் கண்ணில் படும்?

காரணம் வேறு, குற்றம் வேறு

காரணத்தைத் தேடுவது அறிவியலின் வேலை, அது நடக்கட்டும். ஆனால் காரணம் என்பது குற்றம் அல்ல. மழைக்குக் காரணம் உண்டு, குற்றவாளி இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களே இதை நமக்கு நினைவூட்டியிருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோருக்காக எழுதிய கட்டுரை, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. அம்மாவைக் குற்றவாளி ஆக்கும் ஒவ்வொரு வாக்கியமும் பிள்ளையைக் குற்றத்தின் தடயமாக ஆக்குகிறது என்பதை அவர்கள் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். 33 பக்கக் கடிதத்தின் டொனால்ட் கல்லூரி முடித்து, சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, உலகம் சுற்றி, 2023இல் தமது 89ஆம் வயதில் காலமானார். ஊர் அவரை அவராகவே இருக்கவிட்டது.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமைகளோடு வந்தது. பெற்றோர் சங்கங்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதன் பலன் அது. ஏறி இறங்கியவர்களில் எத்தனையோ பேர் அம்மாக்கள். இன்றும் பயிற்சி மையங்களின் வரிசையில், பிள்ளையின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக் காத்திருப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. வேலையை விட்டவர்கள் அவர்களில் நிறைய.

அடுத்த முறை அவர்களில் ஒருவரைப் பார்க்கும்போது, கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், எப்போது வேலைக்குப் போனாய் என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்கலாம். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தூங்கு என்று சொல்லலாம். அவருடைய கணவரிடம், இந்த வாரம் பயிற்சிக்கு யார் அழைத்துப் போகிறீர்கள் என்றும் கேட்கலாம்.